மலைநடையும் மணிக்கணக்கும்

மலையேற்றம் என்றவுடன் கயிறும் கோடரியும் பனிச்சிகரமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயின், கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் குடும்பத்தினர் ஒரு பகற்பொழுதில் சென்று மீளக்கூடிய மலைநடைக்கு இவற்றுள் ஒன்றும் வேண்டுவதில்லை. வேண்டுவது ஒரு கணக்கு. அதை முதல்நாள் மாலையிலேயே வீட்டில் அமர்ந்து போட்டுவிட வேண்டும். மலையடிவாரத்தில் நின்று போடும் கணக்கு ஆசையின் பக்கமே சாயும்.

செமினிக்கு அருகே, சிலாங்கூர் நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டி நிற்கும் புரோகா குன்றை எடுத்துக்கொள்வோம். உயரம் சுமார் 400 மீட்டர். பாதை செம்பனைத் தோட்டத்தருகே தொடங்கி, மரநிழலில் ஏறி, பின்னர் திறந்த புல்வெளிக்கு வந்துவிடுகிறது. குன்றோடு நில்லாமல் அப்பாலும் நடப்பவர்கள் அடர்காட்டுக்குள் இறங்கி ஏறி, 675 மீட்டர் உயரமுள்ள தோக் வான் மலையை அடைவர். சென்ற வழியே திரும்புவோர்க்குப் புல்வெளி இருமுறை வருகிறது: காலையில் ஒருமுறை, களைத்த கால்களோடு பிற்பகலை நெருங்கும்போது மறுமுறை. இந்த இரண்டாவது முறையில்தான் அபாயம் இருக்கிறது.

இப்புல்வெளி ஐரோப்பிய மலைகளில் காணும் புல்வெளி போன்றதன்று. அங்கே மிக உயரத்தில் குளிர் மரங்களை வளரவிடுவதில்லை. மலாயாத் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான தகான் மலையே 2,187 மீட்டர்தான். அங்கும் மரங்களை ஒழிக்கும் குளிர் கிடையாது. எனவே 400 மீட்டர் குன்றில் புல் பரந்து கிடந்தால், அங்கே முன்பு கோடரியோ நெருப்போ சென்றிருக்கிறது என்றே பொருள். புரோகாவில் வளர்வது லாலாங் புல். ரப்பர்த் தோட்டங்களில் மண்வெட்டியோடு இதனுடன் போராடிய தலைமுறைக்கு இதன் குணம் தெரியும். மேலே எரிந்தாலும் நிலத்தடித் தண்டு எரிவதில்லை. தீப்பட்ட இடத்தில் மற்றச் செடிகளை முந்திக்கொண்டு துளிர்க்கும். தோட்டக்காரன் பகையாகக் கண்ட அதே புல், இளவெயிலில் வெண்பூ அசைய நிற்கும்போது நகரத்தார் படம்பிடிக்கும் பொருளாகிவிட்டது!

அழகு ஒருபுறம் இருக்க, அங்கே நிழலில்லை, ஒதுங்க இடமுமில்லை. இடி இடிக்கும் வேளையில் அந்த முகட்டில் உயர்ந்து நிற்பது மனிதன் ஒருவனே. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இப்பகுதியில் பிற்பகல் இடிமழை மிகுதி. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடைப்பட்ட நொடிகளை மூன்றால் வகுத்தால் இடி எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது தெரியும். முழக்கம் காதில் விழுந்துவிட்டாலே முகட்டை விட்டு இறங்க வேண்டும்.

இனி நடைக்கணக்கு. 1892ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் ஓர் எளிய விதி வகுத்தார்: 3 மைல் தூரத்துக்கு ஒரு மணி, அதற்கு மேல், ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. இன்றைய அளவையில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், 600 மீட்டர். போக வர 10 கிலோமீட்டரும் மொத்த ஏற்றம் 600 மீட்டரும் உள்ள ஒரு நடைக்கு இவ்விதிப்படி 3 மணி ஆகும். ஆனால் இது குளிர்நாட்டில் நல்ல உடற்கட்டுள்ளவர் நில்லாமல் நடப்பதற்கான கணக்கு. நம் புழுக்கத்திலும் வேர் பின்னிய வழுக்குப் பாதையிலும் அதை இரட்டிப்பாக்குவதே தகும். 6 மணி என்று கொள்க. குழுவில் பிள்ளைகளோ முதியவரோ இருந்தால் அவர்கள் நடைக்கே கணக்கு. முன்னே ஓடும் இளைஞன் நடைக்கன்று.

காலை 7 மணிக்குப் புறப்பட்டால் பகல் 1 மணிக்குள் அடிவாரம் சேரலாம். ஆகவே திரும்பும் நேரம் 10 மணி. மலையுச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் 10 மணிக்குத் திரும்பியாக வேண்டும்; இறங்குவது எளிது என்று நம்பி அரைமணி கூட்டுவோரைத்தான் மழை பிடிக்கிறது. தீபகற்பக் கடிகாரம் 1982 ஜனவரி 1இல் அரைமணி முன்னே தள்ளப்பட்டதால், கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவதே ஏறத்தாழ 1.15க்குத்தான். மாலை 7 மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்குமே என்று காட்டுக்குள் தைரியம் கொள்ளலாகாது. அடர்ந்த கிளைகளின்கீழ் அந்தி முன்னதாகவே வந்துவிடும். குறிஞ்சிக்கு யாமத்தையும் முல்லைக்கு மாலையையும் பொழுதாக வகுத்தனர் நம் முன்னோர். கவிதைக்கு அவை பொருந்தும், மலைநடைக்கு இரண்டுமே ஆகா.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து செல்வோர் கோலாலம்பூர் சென்ட்ரலில் ரயிலேறிக் காஜாங் வரை போகலாம். அதற்கப்பால் வாடகைக்கார்தான் வசதி. 7 மணிக்கு அடிவாரத்தில் நிற்க வேண்டுமாயின் நாலைந்து பேர் சேர்ந்து வீட்டிலிருந்தே காரில் செல்வது மேல். பாதை திறந்திருக்கிறதா, செல்லும் காட்டுக்கு வனத்துறை அனுமதி தேவையா என்பதையும் முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். ஓடைநீர் தெளிவாகத் தோன்றினும் அதில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், குடிக்கலாகாது. பாதி நீர் தீர்ந்தால் மணி பத்தாகாவிட்டாலும் திரும்புக. அட்டைக்கு அஞ்ச வேண்டியதில்லை. நீண்ட காலுறைக்குள் காற்சட்டை நுனியைச் செருகினால் போதும். செல்லும் பாதை, உடன் வருவோர் பெயர், திரும்பும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டு, மாலை 5 மணிவரை செய்தி வராவிட்டால் 999க்கு அழைக்குமாறு சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும்.