கடல் கடந்து வரும் மலேரியா: பயணிகள் அறிய வேண்டியவை

கொழும்புப் பகுதியில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நுகேகொடையிலும் காய்ச்சல் கண்டவுடன் எவரும் முதலில் ஐயுறுவது டெங்குவையே. ஆபிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ அண்மையில் திரும்பிய ஒருவரும் அதே எண்ணத்தில் பனடோலை விழுங்கிக் காத்திருந்து, பின்னர் குருதிப் பரிசோதனையில் சிறுதட்டுகள் குறைந்திருப்பதைக் கண்டு டெங்கு என்றே முடிவு கட்டுவதும், மலேரியாவிலும் சிறுதட்டுகள் குறையும் என்பதைச் சில வேளைகளில் வைத்தியரே மறந்துவிடுவதும் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன.

உள்நாட்டு மூலத்திலிருந்து தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார்; 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. எனினும் இரத்தினக்கல் வாங்க மடகஸ்கார் செல்வோர், இந்தியாவுக்கு யாத்திரை செல்வோர், அமைதிகாக்கும் படையினர் ஆகியோர் வழியாக நோய் ஆண்டுதோறும் நாட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. அதைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பும் இங்கிருந்து ஒழியவில்லை.

விசாவுக்கும் விமானச்சீட்டுக்கும் அலைகின்ற நேரத்தில் ஒரு சிறு பங்கைத் தடுப்பு மருந்துக்குச் செலவிடுவோர் மிகக் குறைவு. நாரஹேன்பிட்டியில், எல்விட்டிகல மாவத்தையில் உள்ள மலேரியாத் தடை இயக்கத் தலைமையகம் பயணிகளுக்குத் தடுப்பு மாத்திரைகளை இலவசமாக வழங்குகிறது. எந்த மாத்திரை என்பது செல்லும் நாட்டைப் பொறுத்தது. வாராந்தம் எடுக்கும் மெஃப்ளோகுவின் போன்றவற்றைப் பயணத்துக்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே தொடங்கி, திரும்பிய பின்னரும் நான்கு வாரங்கள் தொடர வேண்டியிருப்பதால், புறப்படும் நாளுக்கு முந்தைய மாலையில் அங்கு போய் நிற்பதில் பயனில்லை. கர்ப்பிணிகளும் வேறு நோய்களுக்கு மருந்து எடுப்போரும் அதைத் தவறாமல் அங்கு தெரிவிக்க வேண்டும். மலேரியா மட்டுமன்றி மஞ்சள் காய்ச்சலும் பரவும் நாடுகளுக்குச் செல்வோருக்கான மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் கிடைக்கும். தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே செல்லுபடியாகும் என்பதால் அதையும் முன்கூட்டியே பெறுதல் வேண்டும்.

திரும்பிய பின் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டுக்கு, எப்போது சென்றார் என்பதை வைத்தியரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லி, மலேரியாவுக்கான குருதிப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். வைத்தியர் பயண விபரம் கேட்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. அவ்வாறிருந்தும் அக்கேள்வி கேட்கப்படாமல் போவது மன்னிக்கத்தக்கதன்று. கேட்காவிட்டாலும் நோயாளி சொல்லியே ஆக வேண்டும். முறைசாரா வழியில் மேற்கு ஆபிரிக்கா ஊடாகச் சென்று திரும்பியோர் அதைச் சொல்லத் தயங்குகின்றனர். ஆபிரிக்காவில் பெரிதும் காணப்படும் ஃபல்சிபாரம் வகை ஒட்டுண்ணி, சிகிச்சை தாமதித்தால் சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால், அத்தயக்கத்துக்கு இங்கு இடமே இல்லை. ஒரு பரிசோதனையில் ஒட்டுண்ணி தென்படாவிட்டாலும், காய்ச்சல் நீடித்தால் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

இந்தியாவில் பரவலாகத் தொற்றும் வைவக்ஸ் வகை ஈரலில் உறங்கிக் கிடந்து பல மாதங்கள் கழித்தும் வெளிப்படும். ஆகவே ஆறு மாதத்துக்கு முந்தைய யாத்திரையும் வைத்தியருக்குத் தெரிய வேண்டிய செய்தியே. ஈரலிலுள்ள ஒட்டுண்ணியை அழிக்கும் பிரிமாகுவின் வழமையாக 14 நாட்களுக்கு வழங்கப்படுகிறது. சிலருக்கு அது செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும் என்பதால், அதற்கு முன் ஜி6பிடி என்னும் நொதியின் அளவு பரிசோதிக்கப்பட வேண்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவோருக்கு நோய் திரும்பி வரக்கூடும். ஒட்டுண்ணி உடலில் உறங்கிக் கிடக்கக்கூடும் என்பதால், இரத்ததானம் செய்யச் செல்பவர் தம் பயண விபரத்தை இரத்த வங்கியிலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.