நர்கிஸ்: மண்ணுக்குள் உறங்கும் மலர்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஆரணியிலிருந்து தில்லிக்கு வந்திருந்த என் தமக்கை மகன், பால்கனியில் கூடையில் உலர வைத்திருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனான். "என்ன மாமா, நம்ம வீட்டுல வெங்காயமா?" என்றான். மண்ணுக்குள் விளையும் வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகளை விலக்குவது சமண இல்லறத்தார் பலர் காத்துவரும் விரதம். ஆகவே அவன் கேட்டதில் நியாயம் உண்டு. "வெங்காயம் இல்லடா, நர்கிஸ்" என்று அன்று அவனுக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கு எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் வட இந்தியப் பூக்கடைகளில், வெள்ளை இதழ்களும் நடுவே சிறு மஞ்சள் கிண்ணமுமாக, மணம் கமழ விற்கும் பூதான் நர்கிஸ். தாவரப் பெயர் நார்சிசஸ் டசெட்டா. 1753-இல் லின்னேயஸ் இட்டது. மத்தியதரைக் கடல் நாடுகள் தொடங்கி ஈரான், காஷ்மீர், சீனம், ஜப்பான் வரை இது பரவியிருக்கிறது. பாரசீக, உருதுக் கவிஞர்கள் இதைக் கண்ணுக்கு உவமை சொல்வார்கள். காஷ்மீரியில் இதற்கு யெம்பர்ஸல் என்று பெயர். வண்டுக்கும் இந்தப் பூவுக்குமான காதல் கதையை 1953-இல் தீனாநாத் நாதிம் இசை நாடகமாக்கினார். சமவெளியில் மார்கழி, தையிலேயே பூத்துவிடும். குளிர்ந்த மலைநாட்டில் வசந்தத்தில்தான் பூக்கும்.

மருமகன் சொன்னது பாதி சரி. இன்றைய வகைப்பாட்டில் வெங்காயமும் நர்கிஸும் ஒரே குடும்பம். இரண்டிலும் மண்ணுக்குள் இருப்பது வேர் அல்ல. குட்டையான தண்டும், அதைச் சுற்றி உணவு சேர்த்துத் தடித்த இலைகளும்தான். தாவர நூல்கள் இதைக் குமிழம் என்கின்றன. ஆனால் நர்கிஸ் குமிழத்தில் லைகோரின் என்ற நஞ்சு உண்டு. வெங்காயம் என்று நினைத்துச் சாப்பிட்டால் கடுமையான வாந்தி வரும். அதனால் சமையலறைப் பக்கமே வைக்கக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டவும் கூடாது. அதே குமிழத்தில் கிடைக்கும் கேலந்தமின் என்ற பொருளோ, முதுமை மறதி நோய்க்கு மருந்தாக 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இனி வளர்ப்பு. டியூலிப், ஹயசிந்த் போன்றவற்றுக்குப் பல வாரக் கடுங்குளிர் வேண்டும். நம் சமவெளியில் அது கிடைக்காது. நர்கிஸுக்கு அந்தத் தேவை இல்லை. அக்டோபரில், தண்ணீர் தேங்காத மணல் கலந்த மண்ணில், குமிழத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு ஆழத்தில் நட வேண்டும். நல்ல வெயில் வேண்டும்.

நம்மில் பலர் தவறுவது பூ வாடிய பிறகுதான். நானும் முதலில் தவறினேன். பார்க்க நன்றாயில்லை என்று பச்சை இலையை நறுக்கிவிட்டேன். மறு வருஷம் இலைதான் வந்தது, பூவைக் காணோம். அந்த இலைதான் அடுத்த ஆண்டுக்குச் சோறு சமைத்து உள்ளே அனுப்புகிறது. அது தானாக மஞ்சளாகும் வரை தண்ணீர் விட வேண்டும். பிறகு நிறுத்திவிட வேண்டும். கோடையில் பாவம் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். தோண்டி எடுத்து, நிழலில் காற்றோட்டமாக வைக்கலாம். வெளியே சருகாய்த் தெரியும் அந்தக் கோடை வெப்பத்தில்தான் உள்ளே அடுத்த பூவின் மொட்டு உருவாகிறது.

இங்கிலாந்தின் சில்லித் தீவுகளில், வயலில் வைக்கோலை எரித்தால் நர்கிஸ் முந்திப் பூப்பதை விவசாயிகள் கண்டார்கள். புகையிலுள்ள எத்திலீன் வாயுவே காரணம். நம்மூரில் வாழைத்தாருக்குப் புகை மூட்டம் போடுகிறோமே, அங்கேயும் வேலை செய்வது அதே வாயுதான்.

தொல்காப்பியம் மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வகுத்தது. சமண நூல்கள் கிழங்குகளை அனந்தகாயம், அதாவது எண்ணற்ற உயிர்கள் குடியிருக்கும் ஓர் உடல், என்கின்றன. நர்கிஸின் தாய்க்குமிழம் பக்கத்தில் சேய்க்குமிழங்களை ஈன்று பெருகுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பூ முடிந்ததும் தொட்டியோடு குப்பையில் கொட்டுகிறார்களே, அப்போது எறிவது உயிருள்ள ஒரு குடும்பத்தை.

மருமகன் ஊருக்குக் கிளம்பும்போது, "ரெண்டு குடுங்க மாமா" என்று கேட்டு வாங்கிக்கொண்டான். "சமையலறையில வைக்காதே" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.