"மக்கள் பங்கேற்பு" என்னும் சொல்லில் சேரி எங்கே இருக்கிறது?

கிராம வளர்ச்சி மானியங்கள் குறித்த அரசாணைகளிலும், தொண்டு நிறுவனங்களின் திட்ட அறிக்கைகளிலும் ஒரு தொடர் தவறாமல் இடம்பெறுகிறது: மக்கள் தாமே திட்டமிட்டுத் தாமே நிறைவேற்றும் வளர்ச்சி. கேட்பதற்கு இதில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாகப் பிளவுண்டு கிடக்கும் கிராமத்தில் 'மக்கள்' என்ற சொல் யாரைக் குறிக்கிறது? பணம் யார் பெயரால் ஒதுக்கப்படுகிறது, அதை எங்கே செலவிடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள், பணி முடிந்தபின் யார் பயனடைகிறார்கள் என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஒரே விடை கிடைப்பது அரிது.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்வைத்த அண்ணல் அம்பேத்கர், கிராமத்தை ஆட்சியின் அடிப்படை அலகாகக் கொள்ள வேண்டும் என்ற வாதத்தை மறுத்தார். தனிமனிதரே அலகாக ஏற்கப்பட்டிருப்பதை அவர் வரவேற்றார். கிராம வளர்ச்சி நிதி பற்றிய இன்றைய விவாதத்திற்கும் அந்தப் பார்வை பொருந்தும். கிராமத்தை ஒற்றைச் சமூகமாக எண்ணி வழங்கப்படும் பணம், அங்கே ஏற்கெனவே உள்ள அதிகார வரிசையின் வழியாகவே பாயும்.

பணம் வரும் வழிகள்

முதல் வழி, நிதி ஆணைய மானியம். பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு நாடு முழுவதுமுள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. இதில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுண்ட நிதி. எஞ்சிய 40 விழுக்காட்டை உள்ளூர்த் தேவைக்கேற்பச் செலவிடலாம், ஊதியத்திற்கும் நிர்வாகச் செலவுக்கும் பயன்படுத்தக் கூடாது. எந்தத் தெருவுக்குக் குழாய், எந்தத் தெருவுக்கு வடிகால் என்பதை ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம் முடிவு செய்கிறது. அத்திட்டத்தை வகுக்க வேண்டிய இடம் கிராம சபை.

இரண்டாவது வழி, பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டம். 1979இல் சிறப்பு உட்கூறு திட்டம் என்ற பெயரில் தொடங்கிய இதன் கோட்பாடு எளியது: மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் எத்தனை விழுக்காடோ, திட்டச் செலவிலும் அத்தனை விழுக்காடு அவர்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய அளவில் இவ்விகிதம் 16.6, தமிழ்நாட்டில் 20. இது சலுகையாகக் கேட்கப்படும் பணமன்று. பொதுநிதியில் உள்ள பங்கு.

மூன்றாவது, ஒன்றிய அரசின் முன்மாதிரி கிராமத் திட்டம். 2009–10இல் ஐந்து மாநிலங்களில் 1,000 கிராமங்களில் சோதனையாகத் தொடங்கியது. அவற்றுள் 225 தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. இப்போது பிரதம மந்திரி அனுசூசித் ஜாதி அப்யுதய் யோஜனா என்ற கூட்டுத் திட்டத்தின் ஓர் உறுப்பாக இருக்கிறது. தேர்வு செய்யப்படும் ஒவ்வொரு புதிய கிராமத்திற்கும் இடைவெளிகளை நிரப்பும் பணிகளுக்காக 20 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. வீடுதோறும் கணக்கெடுத்து, 50 குறியீடுகளின்படி குறைகளை அடையாளம் கண்டு, கிராம வளர்ச்சித் திட்டம் வகுக்க வேண்டும் என்பது விதி.

நான்காவது, தமிழ்நாட்டின் 'நமக்கு நாமே' திட்டம். மக்கள் ஒரு பங்கு தந்தால் அரசு மீதியைத் தரும். ஊரகப் பகுதிகளில் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றிலொரு பங்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளில் ஐந்திலொரு பங்கும் மக்கள் செலுத்த வேண்டும்.

ஐந்தாவது, வெளிநாட்டு நன்கொடை. சிறிய தலித் அமைப்புகள் பலவும் நேரடியாக நிதி பெற்றதில்லை. பெரிய நிறுவனங்கள் பெற்றுத் துணை மானியமாகப் பகிர்ந்தளித்தன. 2020இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் அந்தப் பகிர்வை முற்றாகத் தடைசெய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. களப்பணியாளரின் ஊதியமே முதன்மைச் செலவாக உள்ள உரிமை அமைப்புகளை இது கடுமையாகப் பாதித்தது.

தடம் மாறும் இடங்கள்

மேற்கண்ட ஒவ்வொரு வழியிலும் பணம் சேரியைச் சென்றடைவதற்கு முன்பே தடம் மாறக்கூடிய இடங்கள் உள்ளன.

முதலாவது, தகுதி விதி. முன்மாதிரி கிராமத் திட்டத்தில் சேர, கிராமத்தின் மக்கள்தொகை 500க்குக் குறையாமலும், அதில் பட்டியல் சாதியினர் 40 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். இருபது விழுக்காடாகச் சிதறி வாழும் கிராமங்களில்தான் தலித் மக்கள் நிலத்திற்கும் கூலிக்கும் பாதைக்கும் பிறரைப் பெரிதும் சார்ந்திருக்கிறார்கள். எண்ணிக்கையில் சிறுபான்மையாகவும் அதிகாரத்தில் ஏதுமற்றவர்களாகவும் இருப்போர் இந்த விதியால் வெளியே நிறுத்தப்படுகிறார்கள்.

இரண்டாவது, மக்கள் பங்குத் தொகை. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஆறு லட்சம் ரூபாய் மதிப்பில் ஒரு சமுதாயக் கூடம் கட்ட வேண்டும் என்று கொள்வோம். மூன்றிலொரு பங்கு என்றால் இரண்டு லட்சம். ஐந்திலொரு பங்கு என்றால் 1,20,000 ரூபாய். அறுபது குடும்பங்கள் உள்ள குடியிருப்பில் ஒவ்வொரு குடும்பமும் 2,000 ரூபாய் தர வேண்டும். அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது பல நாள் உழைப்பு. ஊர்த் தெருவிலோ வசதி படைத்த ஒருவரே முழுப் பங்கையும் செலுத்திவிட முடியும். விதி சலுகை காட்டினாலும், முன்பே சேமிப்பு வைத்திருப்பவர்களை நோக்கியே திட்டம் சாய்கிறது.

மூன்றாவது, கணக்கு எழுதும் முறை. கிராமம் முழுமைக்குமான சாலையையோ நீர்த்தேக்கத் தொட்டியையோ அமைத்துவிட்டு, அதன் செலவில் ஒரு பகுதியைத் துணைத் திட்டச் செலவாகக் காட்டுவது நெடுநாள் வழக்கம். 2010இல் டெல்லி காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளின் செலவுகளுக்குத் துணைத் திட்ட நிதி திருப்பப்பட்டது அம்பலமாகி, நாடாளுமன்றத்திலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. இத்தகைய திருப்பங்களைத் தடுக்கவே ஆந்திரமும் கர்நாடகமும் 2013இல் சட்டம் இயற்றின. கர்நாடகச் சட்டத்திலோ, பொதுச் செலவின் ஒரு பகுதியைத் துணைத் திட்டச் செலவாகக் கருத இடமளிக்கும் 7(டி) பிரிவு இருந்தது. போராட்டங்களுக்குப் பின் 2023இல் அது நீக்கப்பட்டது. அதே நிதியாண்டில் 11,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட துணைத் திட்ட நிதி, அனைவருக்குமான உத்தரவாதத் திட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டது. பயனாளிகளில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் உள்ளனர் என்பது அரசின் வாதம். குடிமக்கள் என்ற முறையில் எப்படியும் கிடைக்க வேண்டியதையே தனிப் பங்கிலிருந்து தருவது, அந்தப் பங்கின் நோக்கத்தை அழித்துவிடும் என்பது எதிர்வாதம். இரண்டாவது வாதமே துணைத் திட்டத்தின் அடிப்படைக் கோட்பாட்டுக்கு நெருக்கமானது. தமிழ்நாடும் 2024இல் இதற்கெனச் சட்டம் இயற்றியுள்ளது. அது எழுத்தில் நிற்குமா, நடைமுறைக்கு வருமா என்பது ஒவ்வொரு துறையின் செலவுக் கணக்கையும் யார் கேட்டுப் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நான்காவது, முடிவெடுக்கும் நாற்காலி. 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சித் தலைவர் பதவிகளில் இட ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. அதை ஏற்க மறுத்த சாதியம், 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவருடன் இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றது. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்காச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடக்கவிடவில்லை; 2006இல்தான் நிலைமை மாறியது. குளத்தின் மீன் குத்தகை முதல் தெருவிளக்கு வரை முடிவு செய்யும் அதிகாரம் அந்த நாற்காலியோடு சேர்ந்தே வருகிறது. எனவே மானியம் பற்றிய கேள்வியை அரசியல் அதிகாரம் பற்றிய கேள்வியிலிருந்து பிரிக்க இயலாது.

களத்தில் செய்யக்கூடியவை

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்ட நாளன்று சென்று குரல் எழுப்புவது மட்டும் போதாது. அதற்கு முன்பே சேரியில் தனியே கூடி, தேவைகளை முன்னுரிமைப்படி பட்டியலிட்டு, எழுத்துவடிவத் தீர்மானமாகக் கொண்டுசெல்ல வேண்டும். பெண்கள் தனியே அமர்ந்து பேசும் அமர்வும் இதில் அவசியம். தண்ணீர், கழிப்பறை, சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றின் வரிசை பெரும்பாலும் அங்கே மாறிவிடும். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்பதை அன்றே பார்த்து, நகலும் கோர வேண்டும்.

அடுத்தது, கணக்கைப் படிப்பது. ஊராட்சிகளின் ஆண்டுத் திட்டமும் செலவும் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் வெளியிடப்படுகின்றன. அங்குள்ள ஒவ்வொரு பணியின் எதிரிலும் அது நடந்த தெருவின் பெயரை எழுதிப் பார்த்தால், ஊருக்கு எவ்வளவு, சேரிக்கு எவ்வளவு என்ற வரைபடம் தானே உருவாகும். கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறைக் காலத்தில் தம் சொந்த ஊராட்சிக்குச் செய்து முடிக்கக்கூடிய பணி இது.

மூன்றாவது, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதன்படி 30 நாட்களுக்குள் ஆவணங்களைப் பெறலாம் என்பது பலருக்கும் தெரியும். பணிகளை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தப்பட்ட பொருட்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளை எடுக்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது. இது குறைவாகவே பயன்படுத்தப்படுகிறது.

இவை அனைத்தும் தனியொருவர் செய்தால் ஆபத்தானவை. கேள்வி கேட்ட குடும்பத்திற்கு மறுநாள் வேலை மறுக்கப்படலாம். ஆகவே மனுவில் ஒரு பெயருக்குப் பதில் ஒரு தெருவின் கையெழுத்தே இருக்கட்டும்; அருகிலுள்ள குடியிருப்புகளும் அதே நாளில் அதே கேள்வியைக் கேட்கட்டும். கிராம சபையின் தீர்மானப் பதிவேட்டில் சேரியின் கோரிக்கை எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே, அந்த ஊரில் 'மக்கள்' என்று யார் எண்ணப்படுகிறார்கள் என்பது விளங்கிவிடும்.