எந்த மாதத்துக் கருப்பட்டி?

பிரான்சின் போர்தோவில் சிவப்பு ஒயின் வாங்குபவர்கள் புட்டியில் அச்சிட்ட ஆண்டைத் தேடிப் பார்ப்பார்கள். 2003-இல் ஐரோப்பாவை வெப்ப அலை வாட்டியது. திராட்சையில் இனிப்பு ஏறி, புளிப்பு குறைந்தது. 2013-இல் குளிரும் மழையும் பூக்கும் பருவத்தைக் கெடுத்தன, விளைச்சல் சுருங்கியது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வறண்ட காட்டில் ஒரு பருவத்தின் வானிலையை நாக்குக்குக் கொண்டுவருவது கருப்பட்டி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் நன்றாக நனைந்திருந்தால், பாளை விட்ட பனை தாராளமாகச் சுரக்கும். பங்குனியும் சித்திரையும் நல்ல பருவம். பனையேறி பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். தினமும் ஏறிச் சீவ வேண்டும். விட்டுவிட்டால் வெட்டுவாய் காய்ந்து சாறு அடைத்துக்கொள்ளும்.

அந்தச் சுண்ணாம்பில்தான் சூட்சுமம். சாறு சொட்டத் தொடங்கியதுமே ஈஸ்ட் நுண்ணுயிரிகள் கலயத்தில் குடியேறுகின்றன. ஒயின் செய்பவர் அவற்றை வேலை செய்யவிடுகிறார். பனையேறி சுண்ணாம்பின் காரத்தால் அவற்றை அடக்குகிறார். சுண்ணாம்பு இல்லையென்றால் அதே சாறு கள். தமிழ்நாட்டில் 1987 முதல் அதற்குத் தடை.

வெயில் ஏறிய பின்னும் கலயம் மரத்திலேயே கிடந்தால் நுண்ணுயிரிகள் மீண்டும் தலைதூக்கும். பதநீரிலுள்ள சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையும். ஃபிரக்டோஸ் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. அது மிகுந்தால் எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாமல் பிசுபிசுக்கும். கோடை மழை இன்னொரு தொல்லை: கலயத்தில் விழும் நீர் சாற்றையும் நீர்க்கச் செய்கிறது, சுண்ணாம்பையும் வலுவிழக்கச் செய்கிறது. பயந்து சுண்ணாம்பைக் கூட்டினால் நிறம் கறுத்து ருசி கெடும்.

மீதி அடுப்படியில். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். அதைக் காய்ச்சும் பெண்களின் உழைப்பைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. நுரை பொங்கினால் நசுக்கிய ஆமணக்கு விதை ஒன்றிரண்டைப் போடுவார்கள். அதன் எண்ணெய் நுரையை அமர்த்திவிடும். பாகு நெருங்கும்போது வெப்பம் 115 டிகிரியைத் தாண்டும். அப்போது ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார்கள். உருண்டு நின்றால் இறக்கிக் கிண்டி, சிரட்டையில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் முந்தினால் குழைவு. பிந்தினால் கருகல் வாடை. வெப்பமானி இல்லாமல் இந்த நொடியைப் பிடிப்பதை நான் பெரிய அறிவாகவே மதிக்கிறேன்.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊருக்கு மதிப்பு வந்துவிட்டது. காய்ச்சிய மாதத்தையும் கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். நன்கு இறுகிய கருப்பட்டி ‘சட்’டென்று உடையும். உடைத்த இடத்தில் சீனிப் படிகம் மினுமினுத்தால் கலப்படமோ என்று சந்தேகிக்கலாம். எவ்வளவு நல்லதானாலும் மழைக்காலத்தில் திறந்து வைத்தால் கசியும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஈரம்படாத இடத்தில் வையுங்கள்.