பதிலாள் வழங்கியில் எச்.டி.டி.பி. தலைப்புவரி மாற்றம்

பதிலாள் வழங்கியில் தலைப்புவரி மாற்றம் என்பது, பயனரின் உலாவிக்கும் இணையத்தளத்துக்கும் இடையே நிற்கும் பதிலாள் வழங்கி (ப்ராக்சி), தன் வழியே செல்லும் எச்.டி.டி.பி. வேண்டுகோளின் தலைப்புவரிகளை நீக்கியோ திருத்தியோ அனுப்பும் முறை ஆகும். பயனரின் அடையாளத்தை இணையத்தளத்திடமிருந்து மறைப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று.

தலைப்புவரிகள்

உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, திரையில் தோன்றாத சில வரிகளையும் சேர்த்து அனுப்புகிறது. அவற்றுள் சில:

* யூசர்-ஏஜென்ட் - உலாவியின் பெயர், பதிப்பு, இயக்குதளம்
* ரெஃபரர் - பயனர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது
* குக்கி - அத்தளம் முன்னர் உலாவியிடம் அளித்த அடையாளக்குறி

பதிலாள் வழங்கி தானும் சில வரிகளைச் சேர்க்கக்கூடும். "வயா" என்பது இடையில் நின்ற வழங்கியைக் குறிக்கும். "எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்" என்பது பயனரின் ஐ.பி. முகவரியையே தாங்கிச் செல்லும். ஆகவே, பதிலாள் வழங்கியைப் பயன்படுத்துவதால் மட்டும் ஒருவர் மறைந்துவிடுவதில்லை.

செயற்படும் முறை

10.0.0.5 என்னும் முகவரியுடைய கணினி, ஸ்குவிட் என்னும் பதிலாள் மென்பொருள் வழியே ஒரு தளத்தை அணுகுவதாகக் கொள்வோம். இயல்பான அமைப்பில் அம்முகவரி தளத்துக்குத் தெரிவிக்கப்படும். உரிய அமைப்பை "ஆஃப்" என மாற்றினால், முகவரிக்குப் பதிலாக "அன்நோன்" என்னும் சொல் செல்லும். "டெலீட்" எனக் கொடுத்தால் அவ்வரியே நீக்கப்படும். பிரிவாக்சி என்னும் மென்பொருள், ரெஃபரர், யூசர்-ஏஜென்ட் ஆகிய வரிகளையும் மாற்றவல்லது.

வரம்புகள்

* எச்.டி.டி.பி.எஸ். இணைப்பில் தலைப்புவரிகள் மறையாக்கம் செய்யப்படுகின்றன. பதிலாள் வழங்கி அவற்றைப் படிக்கவோ மாற்றவோ இயலாது. தன் சான்றிதழை உலாவி ஏற்கச்செய்து, இணைப்பை இடையில் பிரித்தால் மட்டுமே அது இயலும்.
* யூசர்-ஏஜென்ட் வரியை மாற்றினாலும், ஜாவாஸ்கிரிப்ட் வழியாக உண்மையான உலாவி வெளிப்படலாம். வேறெவரும் பயன்படுத்தாத ஒரு பெயரை இட்டால், அதுவே தனி அடையாளமாகிவிடும்.
* பதிலாள் வழங்கியை நடத்துபவர் பயனரின் முகவரியை அறிவார். அவரை நம்பியே இம்முறை அமைகிறது.

எதிர்ப்பயன்பாடு

இதே நுட்பம் பயனருக்கு எதிராகவும் பயன்பட்டுள்ளது. அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம், 2012ஆம் ஆண்டு முதல் தன் கைப்பேசி வாடிக்கையாளரின் வேண்டுகோள்களில் தனித்த அடையாள எண்ணைக் கொண்ட ஒரு தலைப்புவரியைச் சேர்த்து வந்தது. அது வலைப்பின்னலில் சேர்க்கப்பட்டதால், குக்கிகளை அழித்தும் பயனர் அதை நீக்க இயலவில்லை. இதன் தொடர்பில் 2016இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 13.5 இலட்சம் டாலர் தண்டம் விதித்தது.

மாற்று அணுகுமுறை

வரிகளை நீக்குவதைவிட, எல்லாப் பயனரும் ஒரே மாதிரி தோன்றுவது கூடுதல் பாதுகாப்புத் தரும். டோர் உலாவி இக்கொள்கையைப் பின்பற்றுகிறது. தலைப்புவரிகள் மறையாக்கத்துக்கு முன்பே, உலாவியிலேயே, இயன்றவரை ஒரே சீராக அமைக்கப்படுகின்றன. கூட்டத்தில் ஒருவராகக் கலந்திருப்பதே இங்கு மறைவு ஆகும்.