மலைநாட்டுக் காட்டுக் காளான்களை இனங்காணல்

மாரி தொடங்கியதும் மலைநாட்டின் வயல் வரம்புகளிலும், மரக்கறித் தோட்டங்களின் ஓரங்களிலும், புல்வெளிகளிலும் காளான்கள் முளைக்கின்றன. இவற்றைப் பறித்துக் கறியாக்கி உண்பது கமக்காரரிடையே நெடுநாள் வழக்கமாகும். ஆயினும் உண்ணத்தக்க காளானும் நஞ்சுடைய காளானும் அருகருகே முளைப்பதுண்டு. எனவே குடையை மாத்திரம் பார்த்துப் பறித்தல் ஆகாது. காளானை அடியோடு அகழ்ந்தெடுத்து, எல்லா உறுப்புக்களையும் ஆராய்தல் வேண்டும்.

புற்றுக்காளான்

கறையான்கள் தம் புற்றினுள்ளே கடற்பஞ்சு போன்ற அடைகளை அமைத்து, அவற்றில் ஒருவகைப் பங்கசை வளர்க்கின்றன. மழைக்குப்பின் அவ்வடைகளிலிருந்து மேலெழுவதே புற்றுக்காளான். பேராதனையில் பணியாற்றிய பெச் என்னும் பங்கசியலறிஞர் இதனை ஆராய்ந்து 1906 ஆம் ஆண்டில் எழுதினார். பெரிய புற்றுக்காளானின் குடை நடுவிற் கூர்த்திருக்கும். தண்டு வேர்போல நீண்டு, நிலத்தினுள்ளே கறையான் அடை வரை செல்லும். அடியிற் கிண்ணம் இராது. வித்திகள் இளஞ்சிவப்புச் சாயலுடையன.

பச்சை வித்திக் காளான்

இது புல்வெளிகளில் வளரும் பெரிய வெண்காளான். குடையின்மேற் கபிலநிறச் செதில்களும், தண்டில் ஒரு வளையமும் உண்டு. குடையின் அடிப்புறத் தகடுகள் இளமையில் வெண்மையாயிருந்து, முதிர்ந்தபின்னரே பச்சை நிறமடையும். ஆதலால் இளங்காளானைப் பறிப்போர் ஏமாறுவர். இதனை உண்டோருக்குச் சில மணி நேரத்துள் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும்.

அமனிற்றா இனம்

மரங்களின் வேர்களோடு கூடிவாழும் இவ்வினத்துட் சில உயிரைப் போக்குவன. வெண்மையான தகடுகள், தண்டில் வளையம், அடியிற் கிண்ணம் போன்ற உறை ஆகியன இவற்றின் அடையாளங்கள். அக்கிண்ணம் மண்ணுள் மறைந்திருப்பதால், தண்டை ஒடித்துப் பறிப்பவர் கண்ணுக்குப் புலப்படாது. உண்டு 6 முதல் 24 மணி நேரம் வரை யாதொரு குறியும் தோன்றாதிருக்கலாம். பின்னர் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகித் தணியும். நோயாளி தேறினார் என வீட்டார் எண்ணும் அவ்வேளையிலேயே ஈரல் பழுதடைகின்றது. இந்நஞ்சு அவித்தலாலோ உலர்த்தலாலோ அழியாது.

வித்தி நிறம் அறிதல்

குடையை வெட்டியெடுத்து, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான கடதாசியின்மேல் தகடுகள் கீழ்நோக்க வைத்து, ஒரு கோப்பையால் இரவு முழுதும் மூடிவைக்க. காலையில் வித்தித்தூளின் நிறம் கடதாசியிற் பதிந்திருக்கும். பச்சை நிறமாயின் விலக்குக. இளஞ்சிவப்பு நிறம் ஒன்றே போதிய சான்றன்று. பிற அடையாளங்களும் பொருந்துதல் வேண்டும்.

நம்பத்தகாத சோதனைகள்

வெள்ளிக் கரண்டி கறுத்தல், உள்ளி நிறம் மாறல் என்பன நஞ்சைக் காட்டா. பூச்சியும் நத்தையும் தின்ற காளான் மனிதருக்குத் தீங்கற்றது என்பதும் தவறு. கிருமிநாசினி தெளித்த பாத்திகளில் முளைத்தவற்றை எவ்வினமாயினும் உண்ணலாகாது.

நஞ்சுண்டதாக ஐயமெழுந்தால்

நோய்க்குறி தோன்றும்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். எஞ்சிய காளானையும் சமைத்த கறியையும் உடன் கொண்டுசெல்க. அக்கறியை உண்ட ஏனையோரும், நலமாயிருப்பினும், உடன் செல்லுதல் வேண்டும்.

ஓர் அடையாளமேனும் பொருந்தாத காளானை எறிந்துவிடுக. ஒருவேளைக் கறியை இழத்தல் பெரிய இழப்பன்று.