வில்லின் முறுக்கை எடுப்பது எப்படி?

எங்கள் படிப்பு மையம் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறது. தினமும் மாலை 7 மணிக்கு வகுப்பு. படிக்க வருகிறவர்களில் ஒருவர் தச்சு வேலை செய்கிறார். வயது ஐம்பதுக்கு மேல். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் என்னை டீச்சரம்மா என்பார்.

ஒருநாள் மாமா முகம் வாடி வந்தார். "என்ன மாமா?" என்று கேட்டேன்.

"பையன் வில் பழகுறான்மா. கடையில வாங்க வசதி இல்லை. நானே மரத்துல செஞ்சு குடுத்தேன். இழுக்கும்போது முறுக்கிக்கிட்டு ஒடிஞ்சு போச்சு. சிராய் தெறிச்சுக் கன்னத்தைக் கீறிடுச்சு. ஒரு விரக்கடை மேலே பட்டிருந்தா கண்ணே போயிருக்கும்."

முப்பது வருஷம் மரத்தோடு பழகியவர் அவர். அவருக்கே ஏன் இப்படி ஆனது? அன்று வகுப்பில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினோம்.

மரம் ஏன் முறுக்குகிறது?

பச்சை மரத்தில் நிறைய ஈரம் இருக்கும். ஈரம் போகும்போது மரம் சுருங்கும். நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு. குறுக்குவாக்கில்தான் அதிகம் சுருங்கும். சில மரங்களில் நார் நேராக ஓடாது. கயிறு திரித்தது போலச் சுற்றி ஓடும். அந்த மரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும். புதுக் கதவு சில மாதத்தில் சாத்த முடியாமல் போகிறதே, அதற்கும் இது ஒரு காரணம்.

மாமா வாங்கியது சடச்சி மரம். கன்னடத்தில் தடசலு என்பார்கள். நன்றாக வளைந்து கொடுக்கும். கோடரிக் காம்புக்கு ஏற்றது. மரத்தில் குறை இல்லை. அது சரியாகக் காயவில்லை. குறை அதுதான்.

தராசும் நோட்டும்

மரம் காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? எடை போட்டுப் பார்த்தால் தெரியும். மாமா வேறு ஒரு சடச்சிக் கட்டை வாங்கினார். வெடிக்காமல் இருக்க இரண்டு முனையிலும் பெயின்ட் பூசினார். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் மளிகைக் கடைத் தராசில் எடை போட்டார். தேதியையும் எடையையும் தன் கையாலேயே நோட்டில் எழுதினார். முதல் வாரம் 2 கிலோ 600 கிராம். பிறகு வாராவாரம் குறைந்தது. நாலு மாதம் கழித்து 1 கிலோ 950 கிராம். அடுத்த மூன்று வாரமும் அதே எடை. இனி எடை குறையவில்லை. மரம் காய்ந்துவிட்டது.

முறுக்கைக் கண்டுபிடிப்பது

வில்லின் நடுவில் பிடி இருக்கும். பிடிக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. எய்பவரைப் பார்த்த பக்கம் வயிறு. வெளிப்பக்கம் முதுகு.

நேரான இரண்டு சட்டங்களை எடுங்கள். ஒன்றைப் பிடிக்கு அருகிலும், மற்றொன்றை முனைக்கு அருகிலும் குறுக்காக வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராகப் பாருங்கள். இரண்டு சட்டமும் ஒரே மட்டத்தில் தெரிந்தால் முறுக்கு இல்லை. ஒன்று சாய்ந்து தெரிந்தால் முறுக்கு இருக்கிறது.

நாண் கட்டியும் பார்க்கலாம். நாண் பிடியின் நடுவே ஓட வேண்டும்.

சரிசெய்யும் இரண்டு வழிகள்

முதல் வழி இழைப்பது. நாண் வலப்பக்கம் விலகினால் வலப்பக்க மரம் மெலிந்திருக்கிறது, இடப்பக்கம் தடித்திருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கை சாய்கிறது என்று பாருங்கள். அந்தக் கையின் இடப்பக்கத்தில், வயிற்றுப் புறத்தில் மட்டும், அரத்தால் லேசாகத் தேயுங்கள். இருபது முப்பது தடவை மெதுவாக இழுத்து விட்டு மறுபடி பாருங்கள். மெலிந்த பக்கத்தைத் தேய்த்தால் கோணல் கூடிவிடும். முதுகைத் தொடவே கூடாது. வில் வளையும்போது முதுகுதான் இழுபடுகிறது. அங்கே நார் அறுந்தால் வில் ஒடியும்.

இரண்டாம் வழி சூடு காட்டுவது. முறுக்கு பெரிதாக இருந்தால் தேய்த்து மாளாது. நாணைக் கழற்றுங்கள். முறுக்கிய இடத்தைத் தணல் மேலே காட்டுங்கள். மரம் கருகக் கூடாது. கை வைக்க முடியாத அளவு சூடானதும் எதிர்ப்பக்கமாகத் திருகுங்கள். கொஞ்சம் கூடுதலாகவே திருகிக் கிளாம்ப் போடுங்கள். நன்றாக ஆறும்வரை கழற்ற வேண்டாம். சூடுபட்ட மரம் அதிகம் காய்ந்திருக்கும். சில நாள் விட்டுத்தான் நாண் கட்ட வேண்டும். ஈர மரத்தை இப்படித் தணலில் காட்டினால் வெடித்துவிடும்.

சரிபார்க்கும்போது முழுதாக இழுக்காதீர்கள். அம்பு இல்லாமல் நாணை இழுத்துச் சட்டென்று விடாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இது பெரிய வேலைதான்

இங்கிலாந்தில் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் 1545 இல் கடலில் மூழ்கியது. 1982 இல் அதை வெளியே எடுத்தார்கள். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட மர வில்கள் கிடைத்தன. நம் நாட்டு லிம்பா ராம் ராஜஸ்தானின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். மூங்கில் வில்லில் பழகினார். 1988, 1992, 1996 ஒலிம்பிக் போட்டிகளில் நாட்டுக்காக எய்தார். நம் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மரத்தைப் பற்றி ஆராயவே மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மரத்தை எப்படிக் காய வைப்பது என்பதும் அங்கே ஆராயும் விஷயம்தான்.

மாமாவின் இரண்டாவது வில்லிலும் சின்ன முறுக்கு வந்தது. நாண் வலப்பக்கம் போனது. மாமா அவசரப்படவில்லை. இடப்பக்கம் தேய்த்தார், பார்த்தார், நோட்டில் எழுதினார். மறுபடி தேய்த்தார். மூன்றாம் நாள் நாண் நடுவுக்கு வந்தது.

"முன்னாடி எல்லாம் மனசுலயே வச்சுக்குவேன் டீச்சரம்மா. எத்தனை வாரம் ஆச்சுன்னு மறந்துடும். பச்சை மரத்தையே காய்ஞ்சதுன்னு நெனச்சேன்" என்றார்.

இப்போது பையன் அந்த வில்லில்தான் பழகுகிறான். மாமாவின் நோட்டில் அடுத்த கட்டையின் எடை ஏறிவிட்டது.